பழைய தேக்குப் பலகையில் கம்ப்யூட்டர் கேபினட்: உள்ளளவு, தகடு, எர்த் பற்றிச் சந்தேகங்கள்

பாலக்கோட்டான்:
வணக்கம். பழைய வீடு பிரித்த இடத்திலிருந்து தேக்குப் பலகை இரண்டு வந்திருக்கிறது. ஒரு அங்குல கனம், ஒன்பது அங்குல அகலம், ஆறடி நீளம். இதில் கேபினட் செய்ய எண்ணம். உள்ளே போகப்போவது: மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு பி550 மதர்போர்டு, ரைசன் 5 5600 ப்ராசஸர், 155 மி.மீ. உயர டவர் கூலர், 240 மி.மீ. நீளமுள்ள ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி).

போட்டிருக்கும் கணக்கு: உள்ளகலம் 165, உயரம் 360, ஆழம் 320 மி.மீ. ஆறு பக்கமும் 18 மி.மீ. மரம். போர்டை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தூக்கி நிறுத்தும் குட்டித் தூண்) வைத்து நேரே பக்கப் பலகையில் திருகலாம் என்று யோசனை. முன்பக்கம் அழகுக்காக மூடிய பலகை, அடியில் மட்டும் துளை. பின்னால் ஒரு ஃபேன். பலகை போதாவிட்டால் மீதிக்கு மாமரம் போடலாம் என்கிறார் ஆசாரி.

சூட்டில் மரம் பற்றிக்கொள்ளுமா? எர்த் எப்படிக் கொடுப்பது? பழைய மரம் என்பதால் இனி வளையாது என்கிறார்கள், நம்பலாமா?

தகடூர்_இழைப்புளி:
முதலில் அகலம். 165-இல் கூலர் நிற்காது. ஸ்டாண்ட்ஆஃப் 6.5, போர்டு 1.6, சாக்கெட்டும் ப்ராசஸரும் சேர்ந்து 7 முதல் 8, கூலர் 155. இதுவே 171 ஆகிவிட்டது. மூடிக்கும் கூலருக்கும் இடையே 5 விடுங்கள். போர்டுக்குப் பின்னால் ஒயர் ஓட 25 வேண்டும். போர்டுக்குப் பவர் தரும் 24 பின் ஒயரை அதற்குக் கீழே அமுக்கினால் மூடி உப்பிக்கொண்டு நிற்கும். ஆக உள்ளகலம் 205. உயரம்: எஸ்எம்பிஎஸ் 86, இடைவெளி 15, போர்டு 244, மேலே 40 என்று 385 வருகிறது, 390 வையுங்கள். ஆழம்: கார்டு 240, முன் ஃபேன் 25, ஃபேனுக்கும் முன்சட்டத்துக்கும் நடுவே 15, கார்டு நுனிக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒயர் வளைய 30, கைக்குக் கொஞ்சம். 340 போதும்.

அடுத்தது பின்பக்கம். அங்கே மரம் வேண்டவே வேண்டாம். ஐ/ஓ ஷீல்டு (யுஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகளைச் சுற்றி வரும் தகடு) ஒரு மி.மீ. தகட்டில் கிளிப் ஆகி உட்காரும்படி செய்தது, 18 மி.மீ. பலகையில் அது பிடிக்காது. ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிட்டாலும் எச்டிஎம்ஐ பின்னின் பிளாஸ்டிக் உடம்பு மரத்தில் இடித்து, பின் பாதியிலேயே நிற்கும். கிராபிக்ஸ் கார்டின் பிராக்கெட்டும் தகட்டை நம்பித்தான் தொங்குகிறது. போர்டையும் மரத்தில் நேரே திருகாதீர்கள். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். போர்டு அப்படியே இருக்கும். நடுவில் மாட்டுவது ஸ்க்ரூவும் கார்டு ஸ்லாட்டும்.

சுலப வழி: காயலான் கடையில் பழைய கேபினட் ஒன்று எடைக்கு வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் கீழே வைக்கும் மாடலாகப் பார்க்கவும். மேலே வைக்கும் சில சின்ன மாடல்களில் எஸ்எம்பிஎஸ் ப்ராசஸருக்கு நேர் எதிரே வந்துவிடும், டவர் கூலர் இடிக்கும். பாப் ரிவெட்டின் தலையை 3.2 அல்லது 3.5 மி.மீ. பிட்டால் துளைத்தால் தலை சுழன்று கழன்றுவிடும். போர்டுத் தட்டும் பின்தகடும் சேர்ந்தாற்போல் ஒரே துண்டாக எடுக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தால் ஐ/ஓ ஓட்டை ஒரு மி.மீ. நகர்ந்தாலும் யுஎஸ்பி துளை பாதி மறையும்.

சிப்காட்_தகடு:
பழைய கேபினட் தட்டு மலிவு, சரி. ஆனால் நிறைய மாடலில் தகடு அரை மி.மீ.தான், கார்டு ஏறினால் தொய்கிறது. ஓசூரில் லேசர் கட்டிங் பட்டறைக்குக் குறைவில்லை; டிஎக்ஸ்எஃப் வரைபட ஃபைல் கொடுத்தால் ஒற்றைத் துண்டும் வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு மி.மீ. சிஆர் ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடு), நான்கு ஓரமும் 12 மி.மீ. மடிப்பு. மடிப்பு இல்லாமல் தட்டையாக வாங்கினால் 2 மி.மீ. போட்டாலும் அதிரும்.

வரைபடத்துக்கு வேண்டியவை: ஐ/ஓ ஓட்டை 158.75 x 44.45, கார்டு ஸ்லாட் ஒன்றுக்கொன்று 20.32; 120 மி.மீ. ஃபேனின் திருகுத் துளைகள் 105 இடைவெளி, 140 மி.மீ. ஃபேன் என்றால் 124.5. மதர்போர்டுத் துளைகளை போர்டின் மேல் காகிதம் வைத்துக் குத்தி எடுக்காதீர்கள். ஏடிஎக்ஸ் வரைபடத்தின் எண்ணைப் போடுங்கள். காகிதம் அரை மி.மீ. ஏமாற்றும், ஆறு துளையில் ஐந்து சேரும், ஆறாவது சேராது. ஸ்டாண்ட்ஆஃபுக்கு எம்3 (3 மி.மீ. மரை) பித்தளை, பின்னால் நட். கேபினட்டோடு வரும் 6-32 என்ற அங்குல அளவு மரையை இதோடு கலந்துவிட்டால் இரண்டு சுற்றில் மரை கெட்டுப்போகும்.

எர்த்: எஸ்எம்பிஎஸ் உடம்பு பின்தகட்டில் நான்கு ஸ்க்ரூவால் இறுக வேண்டும், பின்தகடு போர்டுத் தட்டோடு சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பவுடர் கோட்டிங் அடித்திருந்தால் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள், இல்லையேல் இணைப்பு வராது. பிறகு பவர் ஒயரைச் சுவரிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும் மறுமுனையைத் தட்டிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குள் காட்டினால் சரி.

சுவர் பிளக்கில் எர்த் இல்லாத வீடாக இருந்தால், எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக உடம்பில் சுவர் மின்சாரத்தின் வோல்டேஜில் ஏறக்குறைய பாதி மிதக்கும். மரப்பெட்டியைத் தொட்டால் தெரியாது. யுஎஸ்பி துளையின் உலோகத்தைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கும். கேபினட்டை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, வீட்டு எர்த்தைத்தான் சரி செய்ய வேண்டும்.

மரப்பெட்டி ரேடியோ இரைச்சலைத் தடுக்காது. பக்கத்தில் எஃப்எம் ரேடியோ வைத்தால் கரகரக்கலாம். அது தொந்தரவானால் மட்டும் உள்பக்கம் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டி, எர்த்தோடு சேருங்கள். மற்றபடி தேவையில்லாத வேலை.

வைரம்_பாய்ந்தது:
மர விஷயம் மட்டும். பழைய மரம் இனி அசையாது என்பது பட்டறைகளில் சொல்லிச் சொல்லியே உண்மையாகிப்போன ஒன்று. நூறு வருடப் பலகையும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உப்பிச் சுருங்கும். பழைய தேக்கின் லாபம் வேறு: உள் ஈரம் ஏற்கெனவே இறங்கியிருக்கும், புதுப் பச்சைப் பலகை போல முதல் கோடையிலேயே வெடிக்காது. தேக்கு மற்ற மரத்தை விடக் குறைவாகத்தான் அசையும். அப்படியும் 340 மி.மீ. அகலத்துக்கு, நம்மூர் ஏப்ரல் காய்ச்சலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே மரத்தின் ஈரம் 3 சதவீதம் மாறினால் சுமார் 2 மி.மீ. ஏறி இறங்கும். இது நாருக்குக் குறுக்கே. நார் ஓடும் நீளவாட்டில் அசைவு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதனால் நான்கு பலகையிலும் நார் பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும்: பக்கங்களில் மேலிருந்து கீழ், மேல் கீழ்ப் பலகைகளில் இடமிருந்து வலம். அப்போது எல்லாப் பலகையும் ஆழவாட்டில் மட்டும் ஒன்றாக அசையும், மூலை இணைப்பு பிளக்காது. தகட்டை மரத்தோடு பிணைக்கும்போது பின் ஓரத்து ஸ்க்ரூக்களை மட்டும் இறுக்குங்கள். முன் ஓரத்துத் துளைகளை 4 x 8 மி.மீ. நீள்துளையாக வெட்டி வாஷர் போட்டு, இறுக்கிக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். மரம் முன்பக்கமாக நகரும், ஐ/ஓ இருக்கும் பின்பக்கம் அசையாது.

ஒன்பது அங்குலப் பலகை 340-க்குப் போதாது, இரண்டாக ஒட்டித்தான் ஆக வேண்டும். ஃபெவிகால் மரைன், ஓரத்தை இழைப்புளியில் வெளிச்சம் தெரியாதபடி சேர்த்து, கிளாம்ப் போட்டு ஒரு இரவு. மெஷினில் விடும் முன் பழைய ஆணி தேடுங்கள். மரத்துக்குள் முறிந்து நிற்கும் ஆணி ஒன்று போதும், பிளேடு போச்சு. பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. இழைத்தபின் 18 மி.மீ. நிற்கும். பெட்டிக்கு ஒரு அங்குலப் பலகையாக அரை கன அடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். உங்களிடம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது, மாமரம் தேவையே வராது.

மாமரம் கிருஷ்ணகிரிப் பக்கம் எளிதில் கிடைக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள். மருந்து ஏற்றாத மாமரத்தை வண்டு துளைக்கும். மாவு போன்ற தூள் உதிரும், உதிர்ந்தது ஃபேனுக்குள் போகும். தேக்கிலும் ஓரத்து வெளிறிய பகுதிக்கு இதே கதிதான், வைரம் (முற்றிய உள்பகுதி) மட்டும் எடுங்கள். உள் தடுப்புக்குப் பலகை வேண்டுமென்றால் 12 மி.மீ. பிடபிள்யுபி (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட் வாங்குங்கள், ஐஎஸ் 710 முத்திரை பார்த்து.

பாலிஷ் எதுவானாலும் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே எண்ணிக்கை கோட்டிங். வெளியே நான்கு, உள்ளே சும்மா என்று விட்டால் உள்முகம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும். இதை ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், “உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்” என்பார்கள். 120, 180, 240 என்று தேய்த்து, சீலர் இரண்டு, மெலமைன் அல்லது பியூ (பாலியூரிதேன்) இரண்டு. வாடை போக ஒரு வாரமாவது திறந்து வைத்த பிறகே பாகங்களை ஏற்றவும். லின்சீட் ஆயில் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

பாலக்கோட்டான்:
மிக்க நன்றி. தீ பயம் துணியிலும் இருக்கிறது என்று தெரிகிறது! சூட்டில் பெட்டி பற்றிக்கொள்ளுமா, முன்பக்கம் மூடியே இருக்கலாமா என்பவற்றுக்கு மட்டும் பதில் வரவில்லை. பவர் சுவிட்சும் பக்க மூடியும் எப்படி என்றும் சொல்லுங்கள்.

காற்றோட்டம்_முக்கியம்:
முன்பக்கம் மூடக்கூடாது. உங்கள் கார்டு 115 வாட், ப்ராசஸர் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் 75-ஐத் தாண்டும், மற்றவை சேர்த்து 250 வாட் என்று கணக்கு வையுங்கள். இந்தச் சூட்டை அறைக் காற்றை விட 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற நிமிடத்துக்குச் சுமார் 44 கன அடி காற்று வேண்டும். 120 மி.மீ. ஃபேனின் டப்பாவில் 50, 60 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி) என்று போட்டிருப்பது முன்னால் தடையே இல்லாத கணக்கு. வலையும் சட்டமும் வந்தால் பாதி. எனவே முன்னால் இரண்டு உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. உள்ளே போவது கூடுதலாக இருந்தால் இடுக்கு வழியாகத் தூசு நுழையாது. கிரானைட் பட்டறைத் தூசு பறக்கும் ஊர்களில் இது முக்கியம்.

அழகும் வேண்டும் என்றால் முன்பக்கத்துக்குச் சட்டங்கள் அடியுங்கள். 8 மி.மீ. சட்டம், 6 மி.மீ. இடைவெளி. 150 x 350 பரப்பில் திறப்பு 225 சதுர செ.மீ. கிடைக்கிறது, இரண்டு ஃபேனுக்கு வேண்டியது சுமார் 200. இடைவெளியை 4 ஆக்கினால் பார்க்க இன்னும் லட்சணமாக இருக்கும், காற்று 175-க்கு இறங்கிவிடும். கடையில் விற்கும் ஃபிராக்டல் நார்த் கேபினட்டும் இதே வழிதான், உடம்பு ஸ்டீல், முன்சட்டம் மட்டும் மரம். சட்டத்துக்குப் பின்னால் கழற்றும்படி நைலான் வலை, அதற்குப் பின்னால் 15 மி.மீ. விட்டு ஃபேன். சட்டத்தில் ஒட்டி வைத்தால் விசில் சத்தம் வரும். எஸ்எம்பிஎஸ் அடியிலிருந்து காற்று எடுக்கும், கீழ்ப்பலகையில் 115 மி.மீ. வட்டமும் 25 மி.மீ. உயரக் கால்களும் வேண்டும்.

தீ: மரம் பற்ற 250 டிகிரிக்கு மேல் போக வேண்டும், பெட்டிக் காற்று மே மாதத்திலும் 50-ஐ ஒட்டித்தான் இருக்கும். பயப்பட வேண்டியது பாதி சொருகிய கார்டு பவர் கனெக்டர். கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். அந்த ஒயர் மரத்தில் உரசாமல் 20 மி.மீ. தள்ளியே போகட்டும்.

தகடூர்_இழைப்புளி:
சுவிட்ச்: 16 மி.மீ. மெட்டல் புஷ் பட்டன், அழுத்தும்போது மட்டும் இணைந்து, கையை எடுத்தால் விட்டுவிடும் வகை, காலிங் பெல் மாதிரி. அழுத்தினால் உள்ளேயே நிற்கும் வகையை வாங்கினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகி நான்காவது நொடியில் அணைந்துவிடும், பவர் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருப்பதாகத்தான் போர்டு நினைக்கும். இந்தப் பட்டனின் மரை 18 மி.மீ. பலகையைத் தாண்டி வராது. பின்னாலிருந்து 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் (அடி தட்டையான குழி எடுப்பது) குழி எடுத்து, முன்னால் 5 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்து 16-இல் துளையுங்கள். நட் சுழற்ற விரல் போகாது. நட்டின் அளவுக்கு பாக்ஸ் ஸ்பேனர் கையில் இருக்கட்டும்.

பக்க மூடி ஒன்றரை கிலோ எடை வரும். நான்கு மூலையிலும் காந்தம் வைத்தால் நாளடைவில் கீழே சறுக்கும். கீழ்ப்பலகையில் 8 மி.மீ. ஆழக் காடி எடுத்து மூடியின் அடி ஓரத்தை அதில் உட்கார வையுங்கள். மேலே மட்டும் 10 x 3 நியோடிமியம் காந்தம் இரண்டு. மூடிக்கு முன்னும் பின்னும் ஒரு மி.மீ. விடாவிட்டால் கார்த்திகை மாதம் திறக்க வராது. உள்பக்கம் குறுக்கே ஒரு கட்டை, நடு ஸ்க்ரூ மட்டும் இறுக்கி, ஓர ஸ்க்ரூக்களுக்கு நீள்துளை.

காற்றோட்டம்_முக்கியம்:
எல்லாம் ஏற்றியபின் ஒரு சோதனை. கேம் ஏதாவது அரை மணி ஓடவிட்டு கார்டு வெப்பத்தைக் குறியுங்கள், பிறகு பக்க மூடியைக் கழற்றி அதே அரை மணி. வித்தியாசம் 5 டிகிரிக்குள் என்றால் விட்டுவிடலாம். 10 போனால் முன்பக்கம் மூச்சு முட்டுகிறது: முதலில் வலையை எடுத்துப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு சட்டத்தை உருவுங்கள். சட்டங்களை ஒட்டாமல் ஸ்க்ரூவில் மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.