கிங் நாள் விழாவுக்கு நல்ல பேச்சாளர் தெரியுமா?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு உதவி. ஜனவரி மூன்றாம் திங்களன்று எங்கள் ஊர்ச் சமூகக் கூடத்தில் மார்ட்டின் லூதர் கிங் நாள் விழா. பேச்சாளர் பிடிக்கும் வேலை இந்த வருடம் என் தலையில்.

போன முறை வந்தவர் ஐம்பது நிமிடம் தன் வெற்றிக்கதையையே சொன்னார். முன்வரிசைப் பாட்டி கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கிங்கின் புகழ்பெற்ற உரையில் வரும் "கனவு" மட்டும் பத்துத் தடவை வந்தது. அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில், பேருந்தில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து 381 நாள் பேருந்தில் ஏறாமல் இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில் அதே ஊர்ப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்த கிளாடெட் கால்வினைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பெரிய பெயர் வேண்டாம். கிங் காலத்தில் உரிமை ஊர்வலம் போன பெரியவர், வாக்காளர் பதிவுக்கு வீடு வீடாக அலைந்தவர், வரலாற்று ஆசிரியர், யாராக இருந்தாலும் சரி. இருபது நிமிடப் பேச்சு, பிறகு கேள்வி பதில். 1959-இல் கிங் இந்தியா வந்ததையும் தொட்டால் எனக்குக் கொண்டாட்டம் (சொந்த ஆசைதான்).

நீங்கள் நேரில் கேட்டு அசந்துபோன பேச்சாளர் யாராவது உண்டா? அப்புறம், சன்மானப் பேச்சை எப்படி எடுப்பது?