கொசுவோட எதிர்ப்பு சக்திய வச்சு மலேரியாவ நிறுத்த முடியுமா? வெயில் ஏறுனா அது என்ன ஆகும்?

செல்வி_விலங்கியல்:
எல்லாருக்கும் வணக்கம், எம்.எஸ்சி. ரெண்டாவது வருஷம், அடுத்த மாசம் செமினார். 2025ல நேச்சர்ல வந்த ஒரு பேப்பர் படிச்சேன், அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசுல எஃப்ரெப்1ங்கிற ஜீன்ல ஒரே ஒரு அமினோ அமிலத்த மாத்திட்டாங்க, அதுக்கப்புறம் மலேரியா கிருமி கொசுவோட எச்சில் சுரப்பிக்கு வந்து சேர முடியாம போகுது. ஸ்டீபன்சி நம்ம சென்னைல ஓவர்ஹெட் டேங்க்லயும் கிணத்துலயும் வளர்ற கொசு தான், அதனால ரொம்ப ஆசையா படிச்சேன். என் சந்தேகம் என்னன்னா, கொசுவுக்கு வெளிய என்ன சூடோ அது தான் உடம்பு சூடு. வருஷா வருஷம் வெயில் ஏறிட்டே போனா அதோட எதிர்ப்பு சக்தி கூடுமா குறையுமா, மலேரியா கூடுமா குறையுமா? ஒரு பேப்பர் கூடும்ங்குது, இன்னொண்ணு குறையும்ங்குது, எத நம்புறதுன்னு தெரியல.

பூச்சிலேப்:
நல்ல தலைப்பும்மா. மொதல்ல கொசு வயித்துக்குள்ள நடக்குறத பாத்துருவோம். ரத்தம் குடிச்சு ஏறக்குறைய ஒரு நாள்ல கிருமி குடல் சுவத்த துளைச்சு வெளிய வரும், அங்க தான் டெப்1னு ஒரு புரதம் காத்திருக்கும், நம்ம ரத்தத்துல கிருமிய அழிக்கிற காம்ப்ளிமெண்ட் புரதங்கள் இருக்குல்ல அந்த குடும்பம். அது கிருமி மேல ஒட்டிக்கிச்சுன்னா கிருமி உடைஞ்சு போகும், இல்லன்னா மேல மெலனின்ங்கிற கருப்பு நிறமி படிஞ்சு செத்துப் போகும். 1986லயே காலின்ஸ் குழு அனாபிலஸ் காம்பியேங்கிற ஆப்பிரிக்க கொசுல இப்படி எதிர்க்கிற ஒரு வகைய தேர்ந்தெடுத்து வளர்த்தாங்க, அதோட குடல பிரிச்சு மைக்ராஸ்கோப்ல வச்சா ஊசிஸ்ட் (குடல் சுவத்துல கிருமி வளர்ற கட்டி) இருக்க வேண்டிய இடத்துல கருப்பு கருப்பா புள்ளி தான் தெரியும். அப்போ எல்லா கொசுவும் ஏன் தப்பிக்கலன்னா மனுஷனுக்கு மலேரியா தர்ற ஃபால்சிபேரம் கிருமியும் லேசுப்பட்டது இல்ல, பிஎஃப்எஸ்47னு ஒரு புரதத்த வச்சு இந்த காவலுக்கு கண்ணுல படாம போயிடுது, அத 2013ல கண்டுபிடிச்சாங்க.

இப்ப சூடு. கொசு நெஞ்சுல கிருமிக்கு பதிலா செஃபடெக்ஸ்ங்கிற குட்டி மணிய ஊசில ஏத்தி, மெலனின் படிஞ்சு எவ்ளோ கருக்குதுன்னு 1998ல பாத்தாங்க, 24 டிகிரில நல்லா கருக்குச்சு, 30ல குறைஞ்சிருச்சு. அதுக்காக சூடு ஏறுனா எதிர்ப்பு சக்தியே போச்சுன்னு எழுதிடாதீங்க, 2012ல மர்டாக் குழு ஸ்டீபன்சில பாத்தப்ப எதிர்ப்போட ஒவ்வொரு பகுதியும் வேற வேற சூட்டுல தான் நல்லா வேலை செஞ்சுது. எனக்கு ரொம்ப முக்கியமா படுறது அவங்களோட 2014 வேலை, வோல்பேக்கியா பாக்டீரியாவ ஸ்டீபன்சிக்குள்ள ஏத்தி எலி மலேரியா குடுத்து பாத்தாங்க, 28 டிகிரில ஊசிஸ்ட் குறைஞ்சுது, 24ல நல்லாவே கூடிருச்சு, 20ல ஒரு வித்தியாசமும் இல்ல! ஸ்போரோசோயிட் கட்டத்துல, அதாவது எச்சில் சுரப்பிக்கு போற கடைசி கட்டத்துல, எல்லா சூட்டுலயும் குறைஞ்சதால முழுசா கெட்டுப் போகல, ஆனா நாலு டிகிரில ஊசிஸ்ட் கணக்கு தலைகீழா மாறுது பாருங்க. இன்செக்டரில (லேப்ல கொசு வளர்க்கிற ரூம்) பொதுவா 27 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம்னு வச்சு தான் கொசு வளர்க்கிறோம், வெளிய எந்த ஊர்ல அப்படி நாள் முழுக்க இருக்கு? அதனால எந்த ரிசல்ட்ட படிச்சாலும் இது எந்த சூட்டுல எடுத்ததுன்னு கேளுங்க.

இன்னொண்ணு, எஃப்ரெப்1 எதிர்ப்பு சக்தில சேராது. கிருமி குடல்ல பிடிச்சு ஏற தேவைப்படுற கொசுவோட சொந்த புரதம் அது, அந்த பிடிய எடுத்துட்டாங்க, அவ்ளோ தான். மெலனின் கணக்க அதுக்கு அப்படியே போடாதீங்க.

செல்வி_விலங்கியல்:
ரொம்ப நன்றி சார், இந்த வித்தியாசம் எனக்கு புரியவே இல்ல இவ்ளோ நாளா. அப்போ மலேரியா மொத்தத்துல கூடுமா குறையுமா?

பூச்சிலேப்:
ஊரப் பொறுத்தது. டெட்டினோவாங்கிற ஆய்வாளரோட கணக்குப்படி ஃபால்சிபேரம் கொசுக்குள்ள முத்த 20 டிகிரில 28 நாள் ஆகும், 25ல 12 நாள் போதும். 28 நாள் உசுரோட இருக்கிற கொசு ரொம்ப கம்மி, அதனால தான் குளிர்ந்த மலை ஊருக்கு இத்தன நாள் ஒரு பாதுகாப்பு இருந்துச்சு. எத்தியோப்பியா, கொலம்பியா மலைகள்ல சூடான வருஷத்துல மலேரியா இன்னும் மேல ஏறுனத 2014ல காட்டிட்டாங்க. அதே சமயம் கொசுவும் சூட்டுல சீக்கிரம் சாகும்ல, எல்லாத்தையும் சேத்து கணக்கு போட்ட மொர்டெகாய் குழு (2013) பரவுறதுக்கு தோதான சூடு 25 டிகிரி, 28க்கு மேல வேகமா குறையும்னு சொன்னாங்க, அதுக்கு முன்னாடி 31ன்னு நம்பிட்டு இருந்தோம். உங்க ரெண்டு பேப்பரும் சரியா தான் இருக்கும், எந்த ஊர் டேட்டான்னு பாருங்க.

டேங்க்_ஏணி:
நான் கொசு ஒழிப்பு வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன் தங்கச்சி. பேப்பர்ல 40 டிகிரின்னு போடுறது கொசுவுக்கு கிடையாது, அது வீட்டுக்குள்ள நிழலா ஈரமா இருக்கிற மூலைல போய் உக்காந்துக்கும். அந்த இடத்து சூட்ட எடுத்து தான் கணக்கு போடணும். அப்புறம் வெயில் ஏறுனா தண்ணி பஞ்சம், ஜனங்க டிரம், தொட்டின்னு கிடைச்சதுல எல்லாம் பிடிச்சு வைப்பாங்க, ஸ்டீபன்சிக்கு அது போதும். மாடி டேங்க் மூடிய தொறந்து டார்ச் அடிச்சு பாருங்க, புழு தண்ணி மேல படுத்தாப்ல கிடந்தா அனாபிலஸ், தலைகீழா தொங்குனா மத்த கொசு. மூடி சரியா பொருந்துனா கொசு முட்டை போட வழியே இல்ல, அதுக்கு ஜீன் எதுவும் மாத்த வேண்டாம். ஆனா ஏணி இல்லாத மாடில எங்காளுங்க எப்படி ஏறுவாங்க, பாதி வீட்டுல கேட்டே தொறக்க மாட்டாங்க.

மன்னார்க்காத்து:
அண்ணா சொல்லுறது முழுக்கச் சரி. எங்கட நாடு இலங்கை 2016 செப்டம்பரில மலேரியா இல்லாத நாடெண்டு உலக சுகாதார நிறுவனத்திட்ட சான்றிதழ் வாங்கினது, அதே வருச முடிவில மன்னாரில கிணத்துக்குள்ள ஸ்டீபன்சி புழுவைக் கண்டுபிடிச்சிட்டினம், பிறகு யாழ்ப்பாணத்திலயும். 2012ல ஆப்பிரிக்காவில இருக்கிற ஜிபூட்டிக்குப் போய் அங்க மலேரியாவைக் கூட்டினதும் இதே நுளம்பு தான். எங்களிட்ட இப்ப உள்ளூர் தொற்று இல்லை, ஆனா வெளிநாட்டால காய்ச்சலோட ஒராள் வந்தால் காணும். அதனால இந்த ஆராய்ச்சியள் எங்கட வெக்கையிலயும் செய்து பாக்கப்பட வேணும் எண்டு நான் உறுதியா நினைக்கிறன்.

பூச்சிலேப்:
செல்வி, இவங்க ரெண்டு பேரு சொன்னதையும் செமினார்ல சேத்துக்கோங்க. பைமான்ஸ் குழு 2010ல எழுதுனதையும் தேடிப் பாருங்க, ஒரே சராசரியா இருந்தாலும் பகல் ராத்திரி ஏத்த இறக்கம் இருந்தா கணக்கு மாறும், குளிர்ந்த ஊர்ல கிருமி வேகமா வளரும், சூடான ஊர்ல மெதுவாகும். உங்க வீட்டு மாடி டேங்க் பக்கத்துலயும் உள் ரூம் மூலைலயும் ஒரு தெர்மாமீட்டர் வச்சு ஒரு வாரம் எழுதுங்க, அந்த கிராஃப் பக்கத்துல 24, 28 டிகிரி ரிசல்ட்ட போட்டீங்கன்னா உங்க கைடு நிச்சயம் கேள்வி கேப்பாரு, பதில் சொல்லவும் உங்ககிட்ட சொந்த டேட்டா இருக்கும்.