மாரி ரயர், துளைகாப்புப் பட்டை: இரண்டு சொற்கள் குறித்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ரேசிங் சைக்கிளுக்குரிய சொற்தொகுப்பில் "குளிர்கால ரயர்" என்ற சொல்லைச் சேர்க்கலாம் என்ற முன்மொழிவை வாசித்தேன். அச்சொல் பொருளையே மாற்றிவிடுகிறது என்பதால் அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பாவில் குளிர்காலத்துக்கென வாங்கும் ரயரிடம் இரண்டு வெவ்வேறு குணங்களை எதிர்பார்க்கிறார்கள். வெப்பநிலை உறைநிலையை அண்டும்போதும் இறப்பர் இறுகிப்போகாமல் வீதியைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. ஈரமான வீதியில் கண்ணாடித் துண்டும் கூரிய கல்லும் எளிதில் உள்ளே ஏறாதபடி தாங்க வேண்டும் என்பது மற்றையது. திருகோணமலையில் மார்கழியிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே முதற் குணத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிடுவதால், இரண்டாவது குணம் இல்லாத ரயரோடு நிலாவெளிப் பக்கமோ கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கமோ போவது தொல்லையாகவே முடியும். "குளிர்கால" என்று சொல்லிவிட்டால், வாங்குபவர் நமக்குத் தேவையற்ற குணத்துக்குப் பணம் கொடுத்து, தேவையான குணத்தைக் கேட்க மறந்துவிடுவார்.

"கூதிர்" என்ற சொல்லை ஒரு நண்பர் பரிந்துரைத்திருந்தார். பழைய பருவப் பகுப்பில் அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களையே குறிப்பதால் பொருத்தம் வியக்கத்தக்கது. ஆயினும் சைக்கிள் திருத்தும் கடையில் நின்று அச்சொல்லைச் சொல்லி ரயர் கேட்க எவராலும் முடியாது. எங்கள் பகுதியில் வயலுக்குப் போகிறவரும் கடலுக்குப் போகிறவரும் ஒன்றுபோலச் சொல்வது "மாரி". எனவே "மாரி ரயர்" என்பதே என் முன்மொழிவு. ரயர் என்ற சொல்லைத் தமிழ்ப்படுத்தும் வேலையை இதனோடு கலக்க வேண்டாம். அது ஏற்கெனவே நம் சொல்லாகிவிட்டது.

அடுத்தது, இந்த ரயரை மாரிக்குத் தகுதியாக்கும் உறுப்பின் பெயர். மழையில் காற்றுப் போவது ஏன் கூடுகிறது என்பதைப் பார்த்தால் அவ்வுறுப்பின் வேலை விளங்கும். வீதியில் கிடக்கும் கண்ணாடித் தூளையும், லொறி ரயர்கள் தேய்ந்து உதிரும் மெல்லிய உருக்குக் கம்பிகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டுபோய், சைக்கிள் ஓடுகின்ற அதே ஓரத்தில் சேர்த்துவிடுகிறது. நனைந்த இறப்பரில் இவை ஒட்டிக்கொள்வதோடு, தண்ணீர் எண்ணெய்போல வழுக்கம் கொடுப்பதால் உலர்ந்த நாளில் உரசிப் போகிற துண்டு ஈரத்தில் வெட்டிக்கொண்டு இறங்குகிறது. ஒரு சுற்றில் ஏறிய துண்டு உடனே ரியூப்பைத் தொடுவதில்லை. ஒவ்வொரு சுற்றும் அதைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ள, அடுத்த நாள் காலையில்தான் காற்று இறங்கியிருப்பது தெரியவரும். இதைத் தடுப்பதற்காகவே தரையில் படும் இறப்பருக்கும் உள்துணிக்கும் இடையில் அடர்த்தியாக நெய்த இழைப்பட்டை ஒன்றை வைக்கிறார்கள்.

இப்பட்டைக்குக் குழுமத்தில் வந்த பெயர்களுள் "கெவ்லார்ப் பட்டை" கூடாது. கெவ்லார் என்பது டூபொன்ட் நிறுவனம் வைத்த வணிகப் பெயர். 1965இல் அங்கே ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த இழை அது. அதன் பொதுப்பெயர் அரமிட். மேலும் எல்லாப் பட்டைகளும் அரமிட்டால் ஆனவை அல்ல. கொன்டினென்டல் நிறுவனத்தின் கிராண்ட் பிறி 4 சீசன் ரயரில் இருப்பது வெக்ட்ரான் என்ற வேறோர் இழை. ஷ்வால்பேயின் மரதன் பிளஸ் ரயரில் இழைக்குப் பதிலாக 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள இறப்பர்ப் படை இருக்கிறது. அது முள்ளை நன்றாகவே நிறுத்தும். ஆனால் எடை இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுவதால் ரேசிங் சைக்கிளில் அதன் பாரம் ஒவ்வொரு மிதியிலும் தெரியும்.

"துளையா ரயர்" என்ற பரிந்துரையையும் மறுக்கிறேன். துளைக்கவே முடியாத காற்று ரயர் கிடையாது; கலைச்சொல் பொய் வாக்குறுதி கொடுக்கக் கூடாது. "தைப்புக்காப்பு" என்பதை நானும் முதலில் விரும்பினேன், முள் தைத்தது என்றுதானே சொல்கிறோம். ஆனால் ரியூப்பை உள்ளே வைத்துச் சுற்றிவரத் தைத்து மூடிய ரயர் ஒரு தனி வகையாகவே பந்தயங்களில் இருப்பதால், "தைப்பு" என்ற சொல்லை அதற்காக ஒதுக்கி வைப்பது நல்லது. எஞ்சியிருப்பது "துளைகாப்புப் பட்டை". தரையில் படும் பகுதியின் அடியில் மட்டும் இருந்தால் பட்டை. பக்கச்சுவர்களையும் சேர்த்து ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை மூடினால் "துளைகாப்புப் போர்வை". இந்த வேறுபாடு இங்கே மிகவும் முக்கியம். தார் உடைந்த வீதியோரத்தில், தண்ணீருக்குள் மறைந்த கூரிய விளிம்பில் அடிபடுவது பெரும்பாலும் பக்கச்சுவரே; அங்கே பட்டை எதுவும் செய்யாது.

அந்த முன்மொழிவின் வரைவிலக்கணத்தில் "ஆழமான வரிப்பள்ளங்கள் கொண்டது" என்று எழுதியிருந்ததை நீக்க வேண்டும். கார் ரயரின் வரிப்பள்ளம் தண்ணீரை வெளியேற்றுகிறது. ஒடுக்கமாகவும் வளைவாகவும் உயர் அழுத்தத்தோடும் இருக்கும் சைக்கிள் ரயர் தண்ணீரைத் தானாகவே பிளந்துவிடும். 80 இறாத்தல் அழுத்தத்தில் அது நீரின்மேல் மிதக்க வேண்டுமானால் மணிக்கு 100 கிலோமீற்றரை நன்றாகத் தாண்ட வேண்டும். ஈரத்தில் பிடிப்பைத் தருவது இறப்பர்க் கலவையே. அதற்கு அடுத்தபடியாக அகலம் உதவும்: 25 மில்லிமீற்றருக்குப் பதிலாக 28 அல்லது, சைக்கிளின் சட்டத்தில் இடமிருந்தால், 32 போட்டு அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கலாம்.

சொற்தொகுப்பின் பதிவோடு அளவுக் குறிப்பும் சேர வேண்டும். கடையில் "28 ரயர்" என்று கேட்டால் சாதாரணச் சைக்கிளின் 635 மில்லிமீற்றர் உள்விட்டமுடைய ரயர் வரலாம்; ரேசிங் சைக்கிளுக்கு வேண்டியது 622. இரண்டும் 28 அங்குலம் என்றே அழைக்கப்படுகின்றன. "28-622" (அகலம் 28, உள்விட்டம் 622 மில்லிமீற்றர்) என்று பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பதை வாசித்து வாங்கும்படி எழுதுவோம்.

மாரி ரயர்: துளைகாப்புப் பட்டையோ போர்வையோ உடையதும், ஈரத்தில் பிடிப்புள்ள கலவையால் ஆனதுமான, மழைக்கால ஓட்டத்துக்குரிய ரயர். இதுவே நான் முன்வைக்கும் பதிவு. சில ரயர்களில் இறப்பர் எவ்வளவு தேய்ந்தது என்று காட்டச் சிறு குழிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் "தேய்வுக்குறி" என்று வைக்கலாமா என்பதையும், பக்கச்சுவர் என்ற சொல்லுக்கு எவருக்கேனும் மறுப்பு உண்டா என்பதையும் அறியத் தாருங்கள்.