நவம்பர் 9: தற்செயலா, தொடர்ச்சியா?

கேள்வி: ஜெர்மனியில் 1918-இல் பேரரசர் இரண்டாம் வில்லியத்தின் ஆட்சி முடிந்ததும், 1923-இல் ஹிட்லரின் மியூனிக் கலகம் முறியடிக்கப்பட்டதும், 1938-இல் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டதும், 1989-இல் பெர்லின் சுவர் திறந்ததும் நவம்பர் 9 அன்றுதான். இது வெறும் தற்செயலா?

பதில் 1: முழுவதும் அப்படியன்று, நண்பரே. 1938-இல் நாஜித் தலைவர்கள் 1923 கலகத்தின் நினைவு நாளுக்காகவே மியூனிக்கில் கூடியிருந்தார்கள்; பாரிசில் ஒரு யூத இளைஞரால் சுடப்பட்ட ஜெர்மானியத் தூதரக அதிகாரி இறந்த செய்தி அன்று மாலை அங்கு வந்து சேர, அந்தக் கூட்டத்திலேயே நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் யூதர்களுக்கு எதிரான வன்முறையைத் தூண்டிவிட்டார்.

பதில் 2: 1989 மட்டும் சுத்தமான தற்செயல். மக்கள் மேற்கே செல்ல அனுமதிக்கும் கிழக்கு ஜெர்மனி அரசின் புதிய பயண விதி மறுநாள்தான் நடைமுறைக்கு வரவிருந்தது. செய்தியாளர் கூட்டத்தில் எப்போது முதல் என்று கேட்டதும், அந்த அரசின் சார்பில் பேசிய ஆளுங்கட்சித் தலைவர் ஷபோவ்ஸ்கி கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடனடியாக என்று சொல்லிவிட்டார். நள்ளிரவுக்குள் பெர்லினின் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடி திறந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. பிறகு ஏன் அதையே தேசிய நாளாக வைக்கவில்லை?

பதில் 1: 1938-இன் நினைவு குறுக்கே நிற்கும்போது அந்த நாளில் எப்படிக் கொண்டாடுவது? ஆகவேதான் 1990-இல் கிழக்கு, மேற்கு ஜெர்மனி ஆகிய இரு நாடுகளும் இணைந்த அக்டோபர் 3-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்.