குழிக்கு பரிசல் மீம் போட்டேன், அட்மினை மிரட்டறாங்க

அரூர்_பையன்:
எங்க தெருவுல பைப் போட தோண்டுன குழிய நாலு மாசமா மூடல, மழை பேஞ்சு குளமாயிடுச்சு, மனு குடுத்தும் ஒன்னும் நடக்கல. கடுப்புல போட்டோ எடுத்து நடுவுல ஒரு பரிசல ஒட்டி "ஒகேனக்கல் போக காசில்லையா, எங்க தெருவுக்கு வாங்க, ஆயில் மசாஜும் மீன் வறுவலும் விரைவில்"னு ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். மறுநாளே வார்டு மெம்பரோட ஆளு ஒருத்தன் அட்மினுக்கு போன், டெலிட் பண்ணலனா கேசுன்னு. அட்மின் எங்க மாமாதான், டெய்லர் கடை வெச்சிருக்காரு, பாவம் நடுங்கிட்டாரு. அப்பா வேற "தில்லு இருந்தா ரோட்ல உக்காரு, போன்ல என்னடா போராட்டம்"ங்கறாரு. டெலிட் பண்ணிடவா?

மாங்கா_மண்டி:
பண்ணாத தம்பி. ஐடி சட்டம் 66ஏ வெச்சுத்தான் முன்னாடி போஸ்ட் போட்டவங்கள தூக்குவாங்க, அத 2015லயே சுப்ரீம் கோர்ட் அடிச்சு தூக்கிடுச்சு. அட்மினுக்கும், குரூப்புல வேற யாரோ போட்டதுக்கு அவர் பொறுப்பில்லன்னு கேரளா ஹைகோர்ட் 2022ல சொல்லிடுச்சு, மாமாவ தைரியமா துணி தைக்க சொல்லு. ஆனா அவதூறு சட்டம் இன்னும் இருக்கு, யார் பேரையும் போட்டு காசு தின்னுட்டான்னு மட்டும் எழுதிடாத. குழிய கிண்டல் பண்ணு, குழி கேசு போடாது :)

தொப்பூர்_கணவாய்:
அப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்குப்பா. 2018ல எட்டுவழிச்சாலை, சேலம் டூ சென்னை 277 கிலோமீட்டர், நம்ம மாவட்டம் வழியாத்தான், அப்ப அத எதுத்து நானும் ராத்திரி பகலா மீம் போட்டவன்தான். ஆனா 2019 ஏப்ரல்ல ஹைகோர்ட் நிலம் எடுக்கறத ரத்து பண்ணுச்சே, அது கோர்ட்டு வாசல் ஏறுனவங்களால, என் மீமால இல்ல. 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் போனப்ப அதுவும் மாறிடுச்சு, அது தனி கதை.

ராகிக்களி:
மீம வெச்சு கேசு ஜெயிக்க முடியாதுண்ணா, ஆனா மிரட்டுனா பரவும். 2019 டிசம்பர்ல சிஏஏ, அதான் குடியுரிமை திருத்தச் சட்டம், வேணாம்னு சென்னை பெசன்ட் நகர்ல கோலம் போட்டவங்கள போலீஸ் புடிச்சாங்க, அப்புறம் பாத்தா அவனவன் வாசல்ல கோலம் போட்டு போட்டோ போட்டான். மனு குடுத்தா உன் பேரு இருக்கும், மீமுக்கு ஊரே சொந்தக்காரன், அதான் அவங்களுக்கு எரியுது. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனுவோட மீமையும் சேத்து குடுத்துரு.

அரூர்_பையன்:
செம ஐடியா. டெலிட் பண்ணல. இப்பத்தான் கலர் பிரிண்ட் எடுக்க போனேன், ஜெராக்ஸ் கடைக்காரர் சிரிச்சு சிரிச்சு கண்ல தண்ணி வந்து, தனக்குன்னு ஒன்னு எடுத்து கல்லாவுக்கு மேல ஒட்டிக்கிட்டாரு, எங்கிட்ட பத்து ரூபா மட்டும் கரெக்டா வாங்கிட்டாரு.