அம்மிச்சி வீட்டுச் சொந்தங்கள்: சாஃப் கட்டர் ஷாஃப்ட்

*ஞாயிறு*

பிரபு (காலை 7:10): [போட்டோ]
மாமா, வணக்கமுங்க. தோட்டத்துல தட்டு வெட்டற மிஷின், அதான் சாஃப் கட்டர், அதோட சுத்தற தண்டுல (ஷாஃப்ட்டுல) பேரிங் உக்கார்ற இடம் தேஞ்சு போச்சுங்க. புதுசா 6205 நம்பர் பேரிங் வாங்கிப் போட்டுப் பாத்தேன், கையாலயே உள்ள போகுது, கையாலயே வெளிய வருது. அன்னூர்ல ஒருத்தர் தேஞ்ச இடத்துல உளியாட்ட பஞ்ச் வெச்சுப் புள்ளி புள்ளியா குத்தி, பேரிங்கை ஏத்தித் தர்றேங்கறார். பண்ணிக்கலாமுங்களா?

சுதா சித்தி: அப்ப மாட்டுக்கு சோளத்தட்டு?

பிரபு: அம்மா அரிவாள்ல வெட்டிப் போடறாங்க சித்தி. 6 உருப்படி இருக்கு. அதான் அவசரம்.

பெரிய மாமா (7:42): பஞ்ச் வேண்டாம் கண்ணு. குத்துன இடத்துல மட்டும் இரும்பு மேல எந்திரிக்கும், பேரிங் அந்த முனைகளை மட்டும் புடிச்சுட்டு நிக்கும். ஓட ஓட முனை அமுங்கி மறுபடி லூஸ் ஆயிரும். அடுத்த தடவை பேரிங்கும் போகும், ஷாஃப்ட்டும் போகும். சாஃப் கட்டர்ல பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் அடி வாங்குது. பம்பு மோட்டார் மாதிரி சீரா ஓடற மிஷின் இல்ல அது.

பெரிய மாமா: ஷாஃப்ட்டோட பக்கத்துல இருந்து ஒரு போட்டோ போடு. பேரிங் முடிஞ்சு தடிப்பு ஆரம்பிக்கற மூலை தெரியணும்.

பிரபு: [போட்டோ]

பெரிய மாமா: மூலை கத்தி மாதிரி வெட்டி வெச்சிருக்காங்க. வெல்டிங் வெச்சுக் கடைஞ்சுக்கலாம்னு சொல்லலாம்னு இருந்தேன், இப்ப வேண்டாம்ங்கறேன். கார்பன் கொஞ்சம் கூட இருக்கற ஷாஃப்ட்டுல முன்கூட்டியே சூடு பண்ணாம வெல்டு வெச்சா பக்கத்துல விறைச்சுப் போகும், அந்த மூலையிலதான் முறியும். புதுசாவே கடைஞ்சுரு. இஎன்8 ரக இரும்பு போதும். இஎன்24 வேண்டாம், அதுக்குண்டான வேலை இது இல்ல.

கோமதி அத்தை: புது மிஷினே வாங்கிப் போடுன்னு சொல்லுங்க. எதுக்கு அலையறான்.

பெரிய மாமா: வார்ப்பு பாடி, ஃப்ளைவீல் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு கோமதி. ஒரு ஷாஃப்ட்டுக்காக அதை எடைக்குப் போட எனக்கு மனசு வரல. இன்னும் 15 வருசம் ஓடும்.

அனு (10:15): அண்ணா, பழைய ஷாஃப்ட் அளவு அனுப்புனா நான் ட்ராயிங் போட்டுத் தர்றேன். காலேஜ்ல சாஃப்ட்வேர் இருக்கு.

*திங்கள்*

அனு (மாலை 6:20): [பிடிஎஃப்] மாமா, பாத்துச் சொல்லுங்க.

பெரிய மாமா (8:05): படம் சுத்தமா இருக்கு அனு. ஆனா 9 அளவுக்கும் கூட்டல் கழித்தல் 0.01 போட்டிருக்கே. அதைப் பாத்தா பட்டறைக்காரர் ரெண்டுல ஒண்ணு பண்ணுவார். எல்லா இடத்தையும் மைக்ரோமீட்டர் வெச்சு உருவிக்கிட்டே ஒரு நாள் பூரா ஓட்டி அதுக்குண்டான காசு கேப்பார். இல்லாட்டி, ‘இந்தப் பிள்ளைக்குத் தெரியல’ன்னு எல்லாத்தையும் தன் இஷ்டத்துக்கு விட்டுருவார். ரெண்டாவதுதான் ஆபத்து. எந்த இடம் முக்கியம்னு படம் அவருக்குச் சொல்லணும்.

அனு: எந்த இடம் மாமா முக்கியம்?

பெரிய மாமா: பேரிங் உக்கார்ற ரெண்டு இடம் மட்டும். 25 மி.மீ. அங்க கே6 போடு. அப்படின்னா 25-க்கு மேல 2 மைக்ரான்ல இருந்து 15 மைக்ரானுக்குள்ள. மைக்ரான்னா ஒரு மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு. உள்வளையம் ஷாஃப்ட்டோட ஒட்டிச் சுத்தணும், அதுக்குத்தான் இந்த டைட். வெளி வளையம் அது உக்கார்ற ஹவுசிங்குக்குள்ள கொஞ்சம் இளக்கமா இருக்கலாம். நடுத்தடிப்பு 30, அது அரை மி.மீ. முன்னப் பின்ன இருந்தாலும் ஒரு மாடும் கேக்காது. புல்லி பக்கம் கைக்கு வழுக்கிட்டுப் போற மாதிரி, ஆட்டம் இல்லாம. மூலைக்கு ரேடியஸ் 0.8 எழுது. 1-க்கு மேல போனா பேரிங் தோள்ல சாயாது, கத்தி மாதிரி விட்டா இப்ப இருக்கறது மாதிரிதான்.

பெரிய மாமா: வெர்னியர்ல அளந்து 25.01-ன்னு எழுதாதே. அது 0.02 மி.மீ. வரைக்கும்தான் காட்டும். பேரிங்கையே கொண்டுபோய் அவர் கையில குடுக்கறதுதான் சரி.

பிரபு: ட்ராயிங் மட்டும் எடுத்துட்டுப் போனாப் பத்தாதுங்களா மாமா?

பெரிய மாமா (8:31): பத்தாது. பழைய ஷாஃப்ட், ரெண்டு பேரிங், புல்லி, ஃப்ளைவீல் போல்ட்டு, எல்லாம் எடுத்துட்டுப் போ. எடையாத்தான் இருக்கும், பைக்ல வேண்டாம். போன உடனே ‘இது என்ன விலை’ன்னு கேக்காதே. மிஷின் என்ன, எங்க அடி வாங்குது, எதனால போச்சு, இதைச் சொல்லு. நான் பட்டறையில இருந்தப்ப பாதிப் பேரு ‘இதே மாதிரி ஒண்ணு’ன்னு சொல்லி தேஞ்ச சாமானை வெச்சுட்டுப் போயிருவாங்க. தேஞ்சதை அளந்து தேஞ்சது மாதிரியே செய்ய முடியுமா? எதோட சேருதுன்னு தெரிஞ்சாத்தான் டர்னருக்குக் கை ஓடும்.

சுதா சித்தி: எவ்வளவு ஆகும்ண்ணா?

பெரிய மாமா: இரும்பு பெருசா ஆகாது. 32 மி.மீ. ரவுண்டு ராடு, எடைக்கு 32-ஐ 32-ஆல பெருக்கி 162-ஆல வகு, மீட்டருக்கு 6.3 கிலோ. நமக்கு 450 மி.மீ. நீளம், முனையைச் சீவற ஃபேசிங்குக்கு 10 சேத்து 460. 3 கிலோவுக்குள்ளதான் வரும். மீதியெல்லாம் அவர் நேரம். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைகள்ல பம்பு கம்பெனி ஜாப் ஓடிட்டு இருக்கும். நம்ம ஒத்தைப் பீஸுக்காக அந்த செட்டிங்கைக் கலைச்சு, நம்முதை முடிச்சு, மறுபடி செட் பண்ணணும். அந்த நேரத்துக்கும் சேத்துத்தான் கூலி. பேரம் பேசாதே பிரபு. அவசரம்னு சொல்லு, ஆனா நாளை அவர் சொல்லட்டும். ராடுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வா. சனிக்கிழமை சம்பள நாள், அன்னைக்குப் போய் நிக்காதே.

கோமதி அத்தை: உங்க மாமாவும் பட்டறையில இருந்தப்ப ஒத்தைப் பீஸ் வேலைன்னு சலிச்சுட்டே வருவார், ஆனா முடிச்சுக் குடுத்துட்டு ராத்திரி அதைப் பத்தியே பேசிட்டு இருப்பார்.

*செவ்வாய்*

பிரபு (மதியம் 1:40): போயிட்டு வந்துட்டேனுங்க மாமா. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. புல்லியைப் பாத்துட்டு, ‘இதோட கீவேயும் அகண்டிருக்கு தம்பி, ஷாஃப்ட் மட்டும் புதுசு போட்டா சாவி ஆடும்’னார். கீவேன்னா, புல்லியையும் ஷாஃப்ட்டையும் சேத்துப் பூட்டற சாவிக்கட்டை உக்கார்ற காடியாம். 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 8-க்கு 7 மி.மீ. சாவிதான் வரும், புல்லி காடி 8.4 இருக்காம். புல்லியில எதிர்ப்பக்கமா புதுசா 8 ஸ்லாட் அடிச்சுத் தர்றேங்கறார். சரின்னுட்டேன்.

பெரிய மாமா: நல்ல ஆள். புல்லியில சதை போதுமான்னு பாத்தாரா?

பிரபு: பாத்தாருங்க. பழைய ஷாஃப்ட் மூலையில மண்ணெண்ணெய் தடவித் துடைச்சு சாக்பீஸ் பூசினார். கொஞ்ச நேரத்துல கோடா ஈரம் கசிஞ்சுது. விரிசல் விட்டிருக்குங்க மாமா. இன்னும் ஓட்டியிருந்தா முறிஞ்சிருக்கும்னார்.

சுதா சித்தி: ஐயோ சாமி. அக்காதானே தட்டு தள்ளுவா!

பெரிய மாமா: அதுக்குத்தான் வெல்டிங் வேண்டாம்னேன் சுதா. இப்ப மனசு நிம்மதியா இருக்கு.

அனு: மாமா, அவர் எப்படி 13 மைக்ரான் இடைவெளிக்குள்ள சரியா நிறுத்துவார்? பழைய லேத்துதானே?

பெரிய மாமா (9:10): லேத்தை விட பொறுமைதான் நிறுத்தும். கடைசி வெட்டுக்கு முன்னாடி நிறுத்தி, ஆற விட்டு அளப்பார். 25 ஷாஃப்ட்டு 30 டிகிரி கூடச் சூடா இருந்தா 8, 9 மைக்ரான் பெருசாக் காட்டும். அளவு வந்துருச்சுன்னு நினைச்சு நிறுத்திட்டா ஆறுனப்பறம் சின்னதாயிரும். இப்பவும் இப்படி ஆற வெச்சு அளக்கற ஆளுங்க இருக்காங்கன்னு நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு அனு. நீ ஒரு நாள் போய் பக்கத்துல நின்னு பாரு. ட்ராயிங் போடறவங்க கட்டாயம் பாக்கணும்.

அனு: வர்ற லீவுல போறேன் மாமா. பிரபு அண்ணா கூட்டிட்டுப் போங்க.

*வெள்ளி*

பிரபு (மாலை 5:50): [போட்டோ] வந்துருச்சுங்க.

பெரிய மாமா: மூலை அழகா இருக்கு. பேரிங் ஏத்தும்போது உள்வளையத்துல மட்டும் பைப்பு வெச்சுத் தட்டு. வெளி வளையத்துல சுத்தியல் பட்டா பேரிங்குக்குள்ள இருக்கற குண்டோட தடம் வளையத்துல விழுந்துரும். ஏத்திட்டு பெல்ட் போடாம கையால சுத்திப் பாரு. பிளேடுக்கும் வாய்க்கும் இடைவெளி பாத்து செட் பண்ணு. பெல்ட் கவர் போட்டப்பறம்தான் மோட்டார் சுவிட்சுல கை வைக்கணும். அம்மாகிட்ட முந்தானையை இழுத்துச் செருகிட்டு நிக்கச் சொல்லு.

பிரபு (7:35): ஓடுதுங்க மாமா. ஆட்டம் இல்ல. [வீடியோ]

கோமதி அத்தை: சத்தமே குறைஞ்சிருக்கே.

பெரிய மாமா: அனு, கீவே, ரேடியஸ் எல்லாம் திருத்தி, எங்க டைட், எங்க ஓப்பன்னு எழுதி இங்கயே போட்டு வை. பொங்கலூர் சித்தப்பா வீட்டுலயும் இதே மிஷின்தான்.

அனு: ராத்திரி போட்டறேன் மாமா.