ஒட்டு ரோஜா நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வருகிறது, என்ன போடலாம்?

திருச்சி மாடி:
வணக்கம். மொட்டைமாடியில் தொட்டியில் வைத்திருக்கும் ஒட்டு ரோஜாக்களைப் பற்றி ஒரு சந்தேகம். தை மாதம் நர்சரியில் பூவோடு வாங்கியவை. வந்த பூ உதிர்ந்ததோடு சரி, அப்புறம் ஒரு மொட்டுகூட இல்லை. கவாத்து செய்த (கிளையை நறுக்கிவிட்ட) இடத்திலிருந்து தண்டு கறுத்து, கணுக்கணுவாகக் கீழே இறங்குகிறது. அடி இலைகள் மஞ்சளாகித் தொட்டாலே விழுகின்றன. சிவப்பு ரோஜாவில் மட்டும் அடியிலிருந்து ஒரு கிளை கிடுகிடுவென்று இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் அதிலும் பூ இல்லை.

12 அங்குலத் தொட்டி. கலவையில் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் அதிகம், செம்மண் கொஞ்சம். காலை, மாலை இரண்டு வேளையும் போர் தண்ணீர். டீத்தூள், முட்டை ஓடு, போன மாதம் ஒரு கைப்பிடி டிஏபி ரசாயன உரம் எல்லாம் கொடுத்தாயிற்று. படமும் போட்டிருக்கிறேன். இன்னும் என்ன போடலாம்?

பச்சைக்கிளி:
எங்கள் வீட்டிலும் இப்படித்தான் மஞ்சளானது. எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கரைத்து ஊற்றுங்கள் சிஸ்டர், ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும்.

செம்மண் தாத்தா:
ஒன்றும் போடாதே அம்மா. முதலில் எல்லாவற்றையும் நிறுத்து.

எப்சம் உப்பு சொன்னவர் அடி இலையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், அதில் நியாயம் உண்டு. மெக்னீசியம் குறைந்தாலும் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். ஆனால் அப்போது நரம்பை ஒட்டிப் பச்சை நிற்கும். நீ போட்ட படத்தில் நரம்பும் சேர்ந்து மஞ்சள். போர் தண்ணீரின் உப்பால் வரும் இரும்புக் குறையும் இல்லை, அது கொழுந்து இலையில்தான் தெரியும். மேலே கருகல், கீழே உதிர்வு, மொட்டே இல்லை: மூன்றும் சேர்ந்தால் எனக்கு வேரின் மேல்தான் சந்தேகம்.

இருப்பதிலேயே மோசமான செடியைத் தொட்டியோடு சாய்த்து வெளியே எடு. வேர் என்ன நிறம், நர்சரி மண் உருண்டை எப்படி இருக்கிறது, தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறதா, பார்த்துச் சொல். அடியில் தட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு.

திருச்சி மாடி:
எடுத்துப் பார்த்துவிட்டேன் ஐயா. ஓட்டை சரியாக இருக்கிறது. தட்டு இருந்தது, எடுத்துவிட்டேன். வெளிக் கலவையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு களிமண் உருண்டை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால்கூட இறங்கவில்லை, சுத்தியால் தட்டி உடைத்தால் உள்ளே புழுதி பறக்கிறது. உருண்டையை விட்டு வெளியே வந்த வேர்கள் நாலைந்துதான். அவையும் பழுப்பு. இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து, உள்ளே இருக்கும் நூல் மட்டும் நிற்கிறது.

செம்மண் தாத்தா:
அதேதான். உள்ளே பட்டினி, வெளியே அழுகல். பல நர்சரிகளில் செடியை நிலத்திலிருந்து பிடுங்கி, வேரைச் சுற்றிக் களிமண்ணைப் பிடித்து வைத்துத்தான் லாரியில் அனுப்புகிறார்கள். வழியில் வாடாமல் இருக்க அது வேண்டும். ஆனால் அதை அப்படியே தொட்டியில் இறக்கிச் சுற்றிலும் கோகோபீட் போட்டால், ஊற்றும் தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் பக்கவாட்டில் இறங்கிவிடும். வெளியே எட்டிப் பார்த்த வேர் ஈரத்தில் அழுகும். அதன் மேல் டிஏபி வேறு. அழுகிய வேருக்கு உரம் கொடுத்தால் கருகல்தான் கூடும்.

மற்ற செடிகளின் உருண்டையைத் தட்டி உடைக்காதே. வாளித் தண்ணீரில் உருண்டையை மூழ்க வை. குமிழி நின்று, மண் தானாகக் கரையும் வரை விட்டுவிடு. விரலால் மெதுவாகத் தள்ளினாலே பாதிக் களிமண் போய்விடும். தோல் உரியும் வேரை எல்லாம் வெட்டு. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஆற்று மணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு சேர்த்து நடு. கோகோபீட்டைத் தாளிக்கிற அளவுக்குத்தான் சேர்க்க வேண்டும்.

கறுத்த தண்டை வெட்டி, வெட்டுமுகத்தின் நடுவைப் பார். பழுப்புப் புள்ளி இருந்தால் இன்னும் கீழே போ. வெண்மையாகத் தெரிகிற இடத்தில், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசு. மஞ்சள்தூள் பூசுகிறவர்களும் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கத்திரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள். நட்ட பிறகு பத்து நாள் வரை மதிய வெயில் படாத இடம். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

ஓசூர்க்காரி:
அந்த வேகமான கிளையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! சிஸ்டர், தண்டின் அடியில் முடிச்சு மாதிரி புடைத்திருக்கும், அதுதான் ஒட்டு. கிளை அதற்குக் கீழிருந்து வந்தால் அது உங்கள் சிவப்பு ரோஜாவே இல்லை, வேர்ச்செடி. அதன் மேல்தான் உங்கள் ரகத்தை ஒட்டியிருப்பார்கள். ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டு ரோஜா என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நல்ல ரகங்களிலும் ஏழு வரும், அதை நம்பி வெட்டிவிடாதீர்கள். மண்ணைத் தள்ளி, எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் கத்திரியால் வெட்டாமல், பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துக் கிழித்து எடுங்கள். வெட்டினால் அடிக்கணு மிஞ்சி மறுபடி துளிர்க்கும்.

இன்னொன்று. இந்தக் காற்றுக் காலத்தில் மாடியில் செம்பேன் (இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிச் சிலந்தி) சேரும். இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். மிளகாய்த்தூள் மாதிரி விழுந்தது நகர்ந்தால் செம்பேன்தான். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி குறையும். மிச்சத்துக்கு வேப்ப எண்ணெய் 5 மில்லியைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

திருச்சி மாடி:
ஆடி பிறந்துவிட்டது, நிலவரம் சொல்கிறேன். கிளை ஒட்டுக்குக் கீழேதான் இருந்தது அக்கா, கிழித்துவிட்டேன். செம்பேனும் இருந்தது. சிவப்பிலும் ரோஸ் நிறத்திலும் செம்பழுப்புத் துளிர் வந்திருக்கிறது, ஒன்றில் மொட்டுகூட இருக்கிறது. மஞ்சள் ரோஜாவில் நகத்தால் கீறினால் ஒட்டுக்கு மேலே எங்குமே பச்சை இல்லை, கீழே மட்டும் இருக்கிறது. அதற்கு என்ன செய்ய? உரம் எப்போது ஆரம்பிக்கலாம்?

செம்மண் தாத்தா:
மஞ்சள் ரோஜா போய்விட்டது அம்மா. இனி துளிர்ப்பது எல்லாம் வேர்ச்செடியாகத்தான் இருக்கும். தொட்டியை அடைத்துக்கொண்டு வைத்திருக்காதே. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் யாராவது கேட்டால் கொடுத்துவிடு.

அந்த முதல் மொட்டைக் கிள்ளிவிடு, மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளு. செம்பழுப்புத் துளிர் விரிந்து கரும்பச்சையானதும் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் புளித்த தெளிவில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்று. டிஏபி பக்கமே போகாதே. அடுத்த கவாத்து அடைமழை விட்ட பிறகுதான்.